பித்தம் தலைக்கேறிய வைத்தியர்கள்

என் பாட்டிக்குத் தெரிந்த வியாதிகள் மொத்தம் மூன்று: சூடு, வாயு, பித்தம். தலை சுற்றினால் பித்தம். வாய் கசந்தால் பித்தம். முப்பது வயதில் முடி நரைத்தால் பித்த நரை. பக்கத்துத் தெருப் பையன் ராத்திரி இரண்டு மணிக்கு மொட்டை மாடியில் ஏறி நின்று உலகத்தையே விலைக்கு வாங்கப்போவதாக அறிவித்தால், அதுவும் பித்தம்தான். கொஞ்சம் தலைக்கேறிவிட்டது, அவ்வளவுதான். மருந்தும் ஒன்றே ஒன்று. எலுமிச்சம்பழத்தைப் பாதியாக நறுக்கி உச்சந்தலையில் பரபரவென்று தேய்த்து, தண்ணீரைக் குடம் குடமாக ஊற்ற வேண்டியது.

சிரிக்க வேண்டாம். இரண்டாயிரத்துச் சொச்சம் வருஷத்துக்கு முன்னால் கிரேக்கத்தில் ஹிப்பாக்ரட்டஸ் பெயரில் எழுதிய வைத்தியர்களும் ஏறக்குறைய பாட்டியின் கட்சிதான். உடம்பில் நான்கு திரவங்கள்: ரத்தம், கோழை, மஞ்சள் பித்தம், கருப்புப் பித்தம். கருப்புப் பித்தம் கூடிப்போனால் மனிதன் மூலையில் உட்கார்ந்து சுவரைப் பார்ப்பான். ‘மெலன்கோலியா’ என்ற சொல்லுக்கே அர்த்தம் கருப்புப் பித்தம். அவர்களுக்குப் பித்தம் ஏறினால் துக்கம், நமக்கு ஏறினால் பித்து. பரமசிவனையே பித்தன் என்று ஏசிவிட்டு, அதற்காகவே கொண்டாடப்பட்ட சுந்தரர் பிறந்த ஊர் நம்முடையது. மஞ்சள் பித்தமாவது ஈரலில் சுரக்கிறது, கண்ணால் பார்க்கலாம். கருப்புப் பித்தம் என்ற சரக்கு உடம்பின் எந்த மூலையிலும் கிடையாது. இல்லாத சரக்கை வைத்துக்கொண்டு மேற்கத்திய வைத்தியம் இரண்டாயிரம் வருஷம் கடை நடத்தியிருக்கிறது. வாடிக்கையாளர் யாரும் பில் கேட்கவில்லை.

சரக்கின் பெயர் மாறியதே தவிர, ஆசை மாறவில்லை. மனம் கெட்டுப்போவதற்கான காரணம் உடம்பில் எங்கேயோ ஒளிந்திருக்கிறது; ஒரு சொட்டு ரத்தத்திலோ ஒரு குப்பி சிறுநீரிலோ அதன் கைரேகை இருக்கும்; பிடித்துவிட்டால் கேஸ் முடிந்தது. இந்தக் கைரேகைக்குத்தான் இன்று ‘பயோமார்க்கர்’ என்று பெயர். அதைத் தேடிப் புறப்பட்ட மகானுபாவர்களின் கதை இது. இதில் கிண்டலுக்கு ஆளாகப்போவது வைத்தியர்கள் மட்டுமே. நோயாளிகள் ஏற்கெனவே போதுமான அளவு அனுபவித்துவிட்டார்கள்.

முதலில் பாரிஸ். 1822இல் ஆந்துவான் பேல் என்ற 23 வயதுப் பையன், ஷாரன்டோன் மனநல விடுதியில் இறந்தவர்களின் மண்டையைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தான். அங்கே ஒரு வகை நோயாளிகள் இருந்தார்கள். முதலில் தாம்தான் சக்கரவர்த்தி என்பார்கள், கோடி கோடியாகத் தானம் செய்வார்கள். பிறகு நாக்குக் குழறும், கால் இழுக்கும், சில வருஷங்களில் சாவு. இவர்களின் மூளையைச் சுற்றியிருந்த உறை வீங்கிச் சிவந்து ஒட்டிக்கிடந்ததைப் பேல் பார்த்தான். மனநோய்க்கு மூளைக்குள் அழற்சி காரணம் என்று தன் பட்ட ஆய்வேட்டில் எழுதினான். அழல் என்றால் நெருப்பு; அழற்சி என்றால் உடம்புக்குள் எரிகிற நெருப்பு. தமிழ் இந்த விஷயத்தில் சரியாகவே பெயர் வைத்திருக்கிறது. பெரியவர்கள் பையனின் பேச்சை ஏற்றுக்கொள்வதற்கு முன் பல வருஷம் வாக்குவாதம் செய்தார்கள். அது பெரியவர்களின் தொழில்.

தீ வைத்தது யார் என்பது தெரிய இன்னும் 91 வருஷம் ஆனது. 1913இல் நியூயார்க்கில் ஹிடேயோ நோகுச்சி (பின்னாளில் ஜப்பானின் ஆயிரம் யென் நோட்டில் இடம் பிடித்தவர்) இப்படிச் செத்துப்போனவர்களின் மூளைக்குள் சிஃபிலிஸ் கிருமி சுருள்சுருளாக உட்கார்ந்திருப்பதைக் காட்டினார். அதாவது மேகநோய். நம் வைத்தியர்கள் இதற்குப் பரங்கிப்புண் என்று பெயர் வைத்துப் பழியைப் பரங்கிக்காரன் தலையில் போட்டார்கள். பிரெஞ்சுக்காரர்கள் இதை நேப்பிள்ஸ் நோய் என்றார்கள், இத்தாலிக்காரர்கள் பிரெஞ்சு நோய் என்றார்கள். வியாதி எல்லா நாட்டுக்கும் பொது, பழி மட்டும் எப்போதும் பக்கத்து நாட்டுக்கு.

கிருமி தெரிந்துவிட்டது. மருந்து? அதற்கு வியன்னாவுக்குப் போக வேண்டும்.

யூலியஸ் வாக்னர்-யாவ்ரெக். புகைப்படத்தில் பார்த்தால் முதலில் மீசைதான் வரும், பிறகு ஆள் வருவார். கல்லூரிக் காலத்து நண்பர் பெயர் சிக்மண்ட் ஃபிராய்ட். மனநல மருத்துவத்துக்கு வர வேண்டும் என்று வாக்னர்-யாவ்ரெக் தவம் ஒன்றும் கிடக்கவில்லை. பொது மருத்துவத்தில் இடம் கிடைக்கவில்லை, இங்கே ஒரு நாற்காலி காலியாக இருந்தது, உட்கார்ந்துவிட்டார். வந்த புதிதில் ஒரு பெண் நோயாளிக்குத் தோலில் அக்கி மாதிரி ஒரு தொற்று வந்து கடும் காய்ச்சல் கண்டது. காய்ச்சல் இறங்கியபோது அவளுடைய சித்தப்பிரமையும் கூடவே இறங்கிவிட்டது. மற்றவர்களாயிருந்தால் ஆண்டவன் கிருபை என்று சொல்லி அடுத்த கட்டிலுக்குப் போயிருப்பார்கள். இவருக்குப் பொறி தட்டியது. காய்ச்சல் பைத்தியத்தைப் போக்குமென்றால், காய்ச்சலை நாமே வரவழைத்தால் என்ன?

1887இல் அதைப் பற்றி எழுதினார். பிறகு முப்பது வருஷம், கையில் கிடைத்த கிருமிச் சரக்கையெல்லாம் ஊசியில் ஏற்றிப் பார்த்தார். தோல் தொற்றுக் கிருமி, காசநோய்க்காக ராபர்ட் கோக் தயாரித்த டியூபர்குலின் என்று ஒரு பட்டியல். திருப்தியில்லை. 1917இல் உலகப் போர். மாசிடோனியப் போர்முனையிலிருந்து ஒரு சிப்பாய் வந்தான், உடம்பில் மலேரியா. குயினைன் கொடுக்கலாமா என்று உதவியாளர் கேட்டபோது இவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அந்தச் சிப்பாய்க்கு அது ஏன் என்று புரிந்திருக்காது. 1917 ஜூன் 14. சிப்பாயின் ரத்தத்தை எடுத்து மூளை மேகநோயில் கிடந்தவர்களுக்கு ஏற்றினார். முதல் ஆள் ஒரு நடிகர். குளிர், நடுக்கம், கொதிக்கிற காய்ச்சல், மறுபடி குளிர். சில சுற்றுகள் ஆனதும் குயினைன் கொடுத்து மலேரியாவை இறக்கிவிட வேண்டியது. பேயை ஓட்ட முனியை இறக்குவது, அப்புறம் முனிக்குப் படையல் போட்டு அனுப்புவது. நம் ஊர்ப் பூசாரிகளுக்கு இந்த நடைமுறை புதிதல்ல.

ஒன்பது பேரில் ஆறு பேர் நன்றாகத் தேறினார்கள். அதில் மூன்று பேருக்குத் தேறியது நிலைத்தது. மரண தண்டனைக்குச் சமமான நோயில் இது சாதாரணக் கணக்கில்லை. உலகம் முழுக்க மலேரியாவுக்குக் கிராக்கி வந்துவிட்டது. இங்கிலாந்தில் எப்சம் ஊரின் ஹார்ட்டன் மருத்துவமனையில் நோய்க் கொசுக்களைக் கண்ணும் கருத்துமாக வளர்க்கவே ஒரு ஆய்வகம் வைத்தார்கள். சென்னைவாசிக்கு இது எவ்வளவு வயிற்றெரிச்சலான செய்தி என்று யோசித்துப் பாருங்கள். நாம் இலவசமாகவே கொடுத்திருப்போம்.

1927இல் வாக்னர்-யாவ்ரெக்குக்கு நோபல் பரிசு. இங்கே நோபல் கமிட்டியின் தாராள மனசைக் கவனிக்க வேண்டும். செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றைக் கிழித்து மலேரியா பரவும் வழியைக் கண்டுபிடித்த ரொனால்ட் ராஸுக்கு 1902இல் ஒரு பரிசு. மலேரியாக் கிருமியை முதலில் பார்த்த லாவெரானுக்கு 1907இல் ஒரு பரிசு. மலேரியாவைக் கொண்டுபோய் மனிதர்களுக்கு ஏற்றியவருக்கு 1927இல் இன்னொன்று. திருடனைப் பார்த்தவனுக்கும் பரிசு, அவன் வந்த வழியைச் சொன்னவனுக்கும் பரிசு, கதவைத் திறந்துவிட்டு உள்ளே உட்காரவைத்தவனுக்கும் பரிசு.

இன்னொரு வேடிக்கை. அதே வியன்னா, அதே 1917, அதே வாக்னர்-யாவ்ரெக் பொறுப்பிலிருந்த அதே மருத்துவமனைப் பிரிவில் கான்ஸ்டன்டின் ஃபான் எகோனமோ என்ற மருத்துவர், மூளை அழற்சியால் மாதக்கணக்கில் தூங்கிக்கொண்டே இருக்கும் புதுவகை நோயாளிகளைப் பற்றி எழுதுகிறார். ஒரு அறையில் தீ மூளையைக் கெடுக்கிறது என்று கட்டுரை, அடுத்த அறையில் தீ வைத்து மூளையைக் காப்பாற்றுகிறார்கள். இருவரும் காபி இடைவேளையில் என்ன பேசிக்கொண்டார்களோ.

மீசைக்காரரை இங்கேயே மாலை போட்டு வழியனுப்பிவிடலாம் என்று பார்த்தால், மனுஷன் விடமாட்டார். போரில் மிரண்டுபோன சிப்பாய்களுக்குக் கரண்ட் ஷாக் கொடுத்து வதைத்தார் என்று 1920இல் விசாரணைக் கமிஷன் வந்தது. பழைய நண்பர் ஃபிராய்ட் வந்து கருத்துச் சொன்னார், இவர் தப்பினார். கடைசிக் காலத்தில் நாஜிக் கட்சியில் சேர மனுப் போட்டார். முதல் மனைவி யூதர் என்று சொல்லி அவர்களே திருப்பி அனுப்பிவிட்டார்கள். நாஜிகள் வேண்டாம் என்று தள்ளியதால் மானம் தப்பியவர்களின் பட்டியல் ரொம்பச் சின்னது, அதில் இவரும் ஒருவர்.

வியன்னாக்காரர் தொற்றை உள்ளே ஏற்றினார் என்றால், அட்லான்டிக்கின் அந்தப் பக்கம் ஒருவர் தொற்றை வெளியே பிடுங்கிக்கொண்டிருந்தார். நியூஜெர்சி மாநிலம், ட்ரென்டன் அரசு மனநல மருத்துவமனை, கண்காணிப்பாளர் டாக்டர் ஹென்றி காட்டன். 1907இல் பதவிக்கு வந்தபோது அவர் செய்த முதல் காரியம் நோயாளிகளைக் கட்டிவைக்கும் சங்கிலியையும் பட்டைகளையும் தூக்கியெறிந்தது. நல்லவர், படித்தவர், ஜெர்மனியில் கிரேப்பலினிடமும் அல்ஸைமரிடமும் பாடம் கேட்டவர். இத்தனை தகுதியும் உள்ள ஒருவரிடம் ஒரு தப்பான யோசனை மாட்டினால் என்ன ஆகும்?

யோசனை இதுதான். மூளை மேகநோய்க்குக் கிருமி காரணம் என்றால், எல்லா மனநோய்க்கும் ஏதோ ஒரு கிருமிதானே காரணமாக இருக்க வேண்டும்? அது எங்கோ ஓர் ஓட்டையில் ஒளிந்துகொண்டு ரத்தத்தில் விஷம் கலக்கிறது. ஓட்டை என்றதும் காட்டனுக்கு முதலில் நினைவுக்கு வந்தது சொத்தைப் பல். 1916இல் பிடுங்க ஆரம்பித்தார். பல் பிடுங்கியும் தெளியவில்லையா? அப்படியானால் விஷம் தொண்டைச் சதைக்கு இறங்கிவிட்டது, அதை வெட்டு. அப்போதும் தெளியவில்லையா? வயிறு. அப்புறம் பித்தப்பை (பாட்டி சந்தோஷப்பட்டிருப்பாள்), மண்ணீரல், கருப்பைக் கழுத்து, கடைசியாகப் பெருங்குடல். வீட்டுக்குள் எலி புகுந்ததாகச் சந்தேகப்பட்டு முதலில் கதவைக் கழற்றி, பிறகு ஜன்னல், பிறகு கூரை என்று ஒவ்வொன்றாகக் கழற்றிய கொத்தனாரை எனக்குத் தெரியாது. ஆனால் இருந்திருந்தால் அவருக்கும் காட்டனைப் போல நூற்றுக்கு எண்பத்தைந்து வெற்றி என்று சொல்லிக்கொள்ளும் துணிச்சல் வேண்டும். ஆமாம், 85 சதவீதம் குணம். பத்திரிகைகள் புகழ்ந்தன. ப்ரின்ஸ்டன் பல்கலைக்கழகம் சொற்பொழிவுக்கு அழைத்தது. பெரிய குடும்பங்கள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ட்ரென்டனுக்கு ரயில் ஏறின.

அப்படி ஏறியவர்களில் ஒருவர் யேல் பல்கலைக்கழகத்துப் பொருளாதார மேதை இர்விங் ஃபிஷர். மகள் மார்கரெட்டைக் கொண்டுவந்து சேர்த்தார். அறுவை சிகிச்சைகளுக்குப் பிறகு தொற்று பரவி 1919இல் அந்தப் பெண் இறந்துபோனாள். அதன்பிறகும் ஃபிஷருக்குக் காட்டன்மேல் இருந்த நம்பிக்கை போகவில்லை. இதை எந்தத் தொனியில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் இப்படியே விடுகிறேன்.

காட்டன் போலி வைத்தியர் இல்லை, அதுதான் சங்கடம். தன் மனைவியின் பல்லையும், பிள்ளைகளின் பல்லையும் பிடுங்கியவர் அவர், வருமுன் காக்கிறாராம். 1920களின் நடுவில் ஃபிலிஸ் கிரீனேக்கர் என்ற பெண் மருத்துவரைத் தணிக்கைக்கு அனுப்பினார்கள். கோப்புகளையும் ஆட்களையும் அந்தம்மாள் வரிசையாக உட்காரவைத்துப் பார்த்தார். பல் இல்லாததால் சாப்பாட்டை மெல்ல முடியாத நோயாளிகள் கூடம் கூடமாக இருந்தார்கள். அதிகம் வெட்டப்பட்டவர்கள் அதிகம் குணமாகவில்லை, எதிர்மாறாக இருந்தது. குடல் அறுவையில் இறந்தவர்கள் பத்துக்கு நாலு பேருக்கும் மேல். அறிக்கை காட்டனின் குருவான அடால்ஃப் மேயர் கையில் போய்ச் சேர்ந்தது. அமெரிக்க மனநல மருத்துவத்தின் பெரியவர் அவர். அறிக்கையை வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொண்டார். அவ்வளவு பத்திரமாக வைத்தார், வெளியே யாரும் படிக்கவில்லை.

1925இல் மாநில சட்டமன்றக் குழு விசாரித்தபோது காட்டனுக்கே மனம் பேதலித்துவிட்டது. அடுத்து அவர் என்ன செய்திருப்பார் என்று நீங்களே ஊகித்திருப்பீர்கள். தனக்குச் சொத்தைப் பற்கள் இருப்பதாகக் கண்டுபிடித்து, அவற்றைப் பிடுங்கிக்கொண்டு, தான் குணமாகிவிட்டதாக அறிவித்து, மறுபடி வேலைக்கு வந்தார்.

1929 அக்டோபரில் இரண்டு விஷயங்கள் நடந்தன. பங்குச் சந்தை இனி இறங்காத மேட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டது என்று இதே ஃபிஷர் சொன்னார். சில நாளில் சந்தை தலைகுப்புற விழுந்தது. இன்னொன்று, செயின்ட் லூயிஸ் நகரில் ஒருவர் புது சோடா கொண்டுவந்தார். எலுமிச்சை மணம், நீளமான பெயர், உள்ளே லித்தியம் உப்பு. சந்தைக்கு வந்த மனவெழுச்சிக்கும் அதன் பிறகு வந்த சோர்வுக்கும் இதைவிடப் பொருத்தமான பானம் இருக்க முடியாது. பின்னாளில் அந்த சோடாவுக்கு செவன் அப் என்று பெயர் சுருங்கியது. பித்தம் தலைக்கேறினால் எலுமிச்சம்பழம் தேய்க்கச் சொன்ன பாட்டிக்கும், எலுமிச்சை சோடாவில் லித்தியம் கலந்த அமெரிக்கனுக்கும் நடுவில் யாரும் கடிதப் போக்குவரத்து நடத்தியதாகத் தெரியவில்லை. லித்தியம் 1948 வரை அந்த சோடாவில் இருந்தது.

அதே 1948இல் அது வேறொரு வாசல் வழியாக உள்ளே வந்தது. ஆஸ்திரேலியா, மெல்பர்ன் பக்கம் பண்டூராவில் ஒரு மனநல மருத்துவமனை. ஜான் கேட் என்ற டாக்டர். சிங்கப்பூர் சாங்கி முகாமில் ஜப்பானியரிடம் மூன்றரை வருஷம் போர்க் கைதியாக இருந்துவிட்டு வந்தவர். கொந்தளிப்பில் இருக்கும் நோயாளியின் உடம்பில் ஏதோ ஒரு விஷம் பொங்குகிறது, அது சிறுநீரில் வெளியேறித்தானே ஆக வேண்டும் என்பது அவர் கணக்கு. மருத்துவமனையின் பழைய சமையலறை ஒன்றில் ஆய்வகம். நோயாளிகளின் சிறுநீரைக் குப்பிகளில் சேகரித்தார். வைக்க இடம்? வீட்டு ஃப்ரிட்ஜ். பாலுக்கும் வெண்ணெய்க்கும் பக்கத்தில் மஞ்சள் குப்பிகள் வரிசையாக நிற்பதைக் கேட் வீட்டம்மா முதன்முதலில் பார்த்த காலைப்பொழுதை நான் அடிக்கடி கற்பனை செய்து பார்ப்பதுண்டு. நம் வீட்டில் என்றால் அன்றைக்கே டாக்டரும் குப்பியும் திண்ணைக்கு வந்திருப்பார்கள்.

அந்தச் சிறுநீரைக் கினிப் பன்றிகளுக்கு ஊசி போட்டார். செத்தன. சாதாரண மனிதர்களின் சிறுநீரை ஊசி போட்டாலும் செத்தன. ஆனால் கொந்தளிப்பில் இருந்தவர்களுடையது சீக்கிரம் கொல்வதாக அவருக்குத் தோன்றியது. யூரிக் அமிலம்தான் விஷத்துக்குச் சுருதி சேர்க்கிறதோ என்று சந்தேகம். அது தண்ணீரில் கரைய மறுத்தது. கரையக்கூடிய வடிவம் லித்தியம் யூரேட் என்பதால் அதைப் பிடித்தார். லித்தியத்துக்கு இந்த நாடகத்தில் வேறு வேலையே கிடையாது. கதாநாயகனின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்த கூலி ஆள் அது. ஆனால் ஊசி போட்டதும் துறுதுறுவென்று ஓடுகிற கினிப் பன்றிகள் மல்லாக்கப் படுத்துக்கொண்டு கேட்டை அமைதியாகப் பார்த்தன. இப்போது யோசிக்கிறவர்கள், பாவம், அந்தப் பன்றிகளுக்கு லித்தியம் அதிகமாகி விஷம் ஏறியிருக்கலாம் என்கிறார்கள். கேட் அதைச் சாந்தம் என்று படித்தார்.

முதலில் தானே லித்தியம் சாப்பிட்டுப் பார்த்தார். பிறகு ஐம்பத்தொரு வயது நோயாளி ஒருவருக்குக் கொடுத்தார். ஐந்து வருஷமாக ஓயாத கொந்தளிப்பில் வார்டையே கலக்கிக்கொண்டிருந்தவர். சில நாளில் அடங்கினார், சில மாதத்தில் வீட்டுக்குப் போனார், பழைய வேலையில் சேர்ந்தார். 1949இல் பத்துப் பேரின் கதையை ஆஸ்திரேலிய மருத்துவ இதழில் கேட் எழுதினார். ஆரம்பித்த கொள்கை தப்பு, நடுவில் செய்த பரிசோதனை தப்பு, அதைப் புரிந்துகொண்ட விதம் தப்பு, கடைசியில் கிடைத்த மருந்து மட்டும் சரி. பைபோலார் என்கிற இருமுனைக் கோளாறுக்கு இன்றைக்கும் முதல் வரிசையில் நிற்பது அதுதான். அந்த முதல் நோயாளி மருந்தை விட்டு, மறுபடி சரிந்து, மறுபடி எடுத்து, 1950இல் லித்தியம் விஷம் ஏறியே இறந்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். எவ்வளவு கொடுத்தால் மருந்து, எவ்வளவு கொடுத்தால் விஷம் என்று அப்போது அளக்க வழியில்லை. அமெரிக்கா இந்த மருந்தை அங்கீகரிக்க 1970 ஆனது.

கேட் தடுக்கி விழுந்து புதையல் எடுத்தார் என்றதும் எல்லோரும் குப்பிகளோடு கிளம்பிவிட்டார்கள். 1950களும் 60களும் மனநல ஆய்வில் சிறுநீர்ப் பொற்காலம். சுவீடனில் ஆகர்ஃபெல்ட் என்பவர் 1957இல் மனச்சிதைவு நோயாளிகளின் ரத்தநீரில் ஒரு ரசாயனத்தைக் கலந்தால் நிறம் மாறுகிறது என்றார். பத்திரிகைகளில் பரபரப்பு: வந்துவிட்டது, பைத்தியத்துக்கு ரத்தப் பரிசோதனை! அப்புறம் விசாரித்தால், நோயாளிகளுக்கு வைட்டமின் சி குறைவு. வருஷக்கணக்கில் விடுதிச் சாப்பாடு சாப்பிட்டவர்கள். சோதனைக் குழாய் கண்டுபிடித்தது மனச்சிதைவை இல்லை, சமையல்காரரை.

நியூ ஆர்லியன்ஸில் ராபர்ட் ஹீத் நோயாளிகளின் ரத்தத்திலிருந்து ‘டராக்ஸீன்’ என்ற புரதத்தை எடுத்துச் சிறைக் கைதிகளுக்கு ஏற்றி, அவர்களுக்கும் பிரமை வந்ததாகச் சொன்னார். மற்ற ஆய்வகங்களில் அது வரவில்லை. அவர் கைக்கு மட்டும் வருகிற சித்து.

வேறு சிலர் மனச்சிதைவு நோயாளிகளின் சிறுநீரில் ஃபீனால் அமிலங்கள் மிகுந்திருப்பதைக் கண்டார்கள். அமெரிக்க தேசிய மனநல நிறுவனத்தில் நோண்டிப் பார்த்தபோது விஷயம் புரிந்தது. வார்டில் நாள் முழுவதும் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்த நோயாளிகள் டம்ளர் டம்ளராகக் காபி குடித்தார்கள். ஒப்பிடுவதற்காக அழைத்துவந்த ஆரோக்கியசாலிகள் அவ்வளவு குடிக்கவில்லை. கும்பகோணத்தில் இந்த ஆய்வை நடத்தியிருந்தால் ஊரே நோயாளி. 1959இல் அதே நிறுவனத்தின் சீமோர் கெட்டி இந்தக் கண்டுபிடிப்புகளையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து, பணிவான மொழியில், தோலை உரித்துத் தொங்கவிட்டார். யாராவது திருந்தினார்களா? 1962இல் சிறுநீரை வடிதாளில் ஊறவிட்டு ஒரு ‘இளஞ்சிவப்புப் புள்ளி’ கண்டுபிடித்தார்கள். 19 மனச்சிதைவு நோயாளிகளில் 15 பேருக்குப் புள்ளி, ஆரோக்கியமான 14 பேரில் ஒருவருக்குமில்லை. எட்டு வருஷம் கழித்துப் புள்ளியைத் துரத்திக்கொண்டு போனவர்கள் முட்டி நின்ற இடம் டீ.

இதைப் படித்து வயிறு குலுங்கச் சிரித்தாலும், எனக்கு உறைப்பது வேறொன்று. காபியும் டீயும் சாத்துக்குடி காணாத சாப்பாடும் அந்த நோயாளிகளின் அன்றாட வாழ்க்கை. அதை ஒரு தடவை வார்டுக்குள் போய்க் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். கேட்க யாருக்கும் தோன்றவில்லை, மூத்திரத்தைக் கேட்டார்கள்.

1980களில் டெக்ஸாமெத்தசோன் பரிசோதனை என்று ஒன்று வந்தது, போனது. ராத்திரி ஒரு மாத்திரை, மறுநாள் ரத்தத்தில் கார்ட்டிசால் அளவு; ஆழ்ந்த மனச்சோர்வு இருந்தால் அளவு இறங்காது என்றார்கள். உடம்பு மெலிந்தவர்களுக்கும் குடிப்பவர்களுக்கும் மறதி நோய் உள்ளவர்களுக்கும்கூட இறங்கவில்லை. அவ்வளவுதான் அதன் கதை.

இதற்கிடையில் பேல் பையனின் நெருப்பு எங்கே போயிற்று? அது திரும்பி வந்த வழி கௌரவமானது. 1988இல் பெஞ்சமின் ஹார்ட் என்ற கால்நடை மருத்துவர் ஒரு சாதாரண விஷயத்தைக் கவனித்து எழுதினார். காய்ச்சல் வந்த மாடு தீவனம் தின்னாது, மந்தையோடு சேராது, ஒரு மூலையில் படுத்துக்கொள்ளும். அது கிருமி செய்யும் அழிச்சாட்டியம் இல்லை, கிருமியோடு சண்டை போட உடம்பே போடும் ஊரடங்கு. காய்ச்சலில் கிடக்கிற மனிதனும் அப்படித்தான், சுவரைப் பார்த்துப் படுப்பான். இந்த ஊரடங்கு உத்தரவைத் தூக்கிக்கொண்டு மூளைக்குப் போகிற தூதர்கள் சைட்டோகைன்கள். மஞ்சள்காமாலைக் கிருமி ஒன்றுக்கு இன்டர்ஃபெரான் என்ற சைட்டோகைனை ஊசியாகக் கொடுத்தபோது கணிசமானவர்கள் ஆழ்ந்த மனச்சோர்வில் விழுந்தார்கள். ஆக, ரத்தத்தில் மூட்டிய தீ மனத்தைச் சுடும் என்பது கதையில்லை.

உடனே அந்தத் தீயை அளக்க அளவு நாடாக்கள் வெளியே வந்தன. இன்டர்லூக்கின் 6, டி.என்.எஃப். ஆல்ஃபா, அப்புறம் நம் ஊர் லேப்களிலும் அளக்கிற சி.ஆர்.பி. மனவெழுச்சியில் இருக்கும் பைபோலார் நோயாளிகளை மொத்தமாக எடுத்துப் பார்த்தால் சி.ஆர்.பி. சராசரி ஏறித்தான் இருக்கிறது. ஆனால் தனியாக ஒருவரைக் கூப்பிட்டு அளந்தால் ஒன்றும் சொல்ல முடியாது. தொந்தி இருந்தாலும் அது ஏறும், பீடி குடித்தாலும் ஏறும், பல் ஈறு சீழ்பிடித்தாலும் ஏறும். பல் என்றதும் ட்ரென்டன் பக்கம் ஒரு கல்லறை லேசாக அசைந்திருக்கும்.

சரி, தீ இருந்தால் அணைத்துப் பார்க்கலாமே? 2013இல் அட்லான்டாவில் மூட்டுவாதத்துக்குக் கொடுக்கும் இன்ஃப்ளிக்ஸிமாப் மருந்தை, எதற்கும் மசியாத மனச்சோர்வு உள்ள 60 பேரிடம் சோதித்தார்கள். மொத்தத்தில் வெற்றுமருந்தைவிட மேலாக ஒன்றும் இல்லை, சி.ஆர்.பி. 5க்கு மேல் இருந்தவர்களிடம் மட்டும் பலன் தென்பட்டது. பாகிஸ்தானில் பைபோலார் சோர்வில் இருந்த 266 பேருக்கு மினோசைக்ளினும் செலகாக்ஸிபும் கொடுத்துப் பார்த்து 2020இல் வெளியிட்டார்கள், பலன் இல்லை. எல்லார் வீட்டிலும் தீ எரியவில்லை போலிருக்கிறது. எரியாத வீட்டில் தண்ணீர் ஊற்றினால் வீடு நனையும்.

ஆனால் எரிந்த வீடும் உண்டு. 2007இல் ஹோசெப் டால்மாவ் என்ற நரம்பியல் நிபுணரும் கூட்டாளிகளும் ஒரு நோயைக் கண்டுபிடித்தார்கள். உடம்பின் காவல்படையே மூளையின் என்.எம்.டி.ஏ. ஏற்பிகளைத் தாக்குகிறது. பெரும்பாலும் இளம்பெண்கள், திடீரென்று பிரமை, வெறி, வலிப்பு. பலர் நேராக மனநல வார்டுக்குத்தான் போனார்கள். 2009இல் நியூயார்க்கில் சூசன்னா காகலன் என்ற 24 வயதுப் பத்திரிகையாளருக்கு இது வந்தது. ஒரு டாக்டர், அதிகம் குடிக்கிறாய் என்று சொல்லி அனுப்பினார். லட்சக்கணக்கான டாலருக்குப் பரிசோதனைகள் நடந்தன. கடைசியில் சுஹேல் நஜ்ஜார் என்ற மருத்துவர் ஒரு தாளைக் கொடுத்துக் கடிகாரம் வரையச் சொன்னார். அந்தப் பெண் பன்னிரண்டு எண்களையும் வட்டத்தின் வலது பாதியிலேயே நெருக்கி எழுதினாள். மூளையின் ஒரு பக்கம் எரிகிறது என்று அவருக்குப் புரிந்துவிட்டது. தண்டுவட நீரில் எதிர்ப்புப் புரதம் இருந்தது, வைத்தியம் நடந்தது, எழுந்து வந்து புத்தகமே எழுதினாள். இருநூறு வருஷத் தேடலில் வலைக்குள் நிஜமாகவே விழுந்த கைரேகைகளில் இது ஒன்று. அதுவும் பைபோலாரில் விழவில்லை, மனச்சிதைவிலும் விழவில்லை. கைரேகை கிடைத்த கையோடு நோய் நரம்பியல் துறைக்கு இடம் மாறிவிட்டது. மூளை மேகநோயும் அப்படித்தான் போனது. மனநல மருத்துவம் பாவம், பெண்ணை வளர்த்துக் கட்டிக்கொடுத்துக்கொண்டே இருக்கிறது.

இன்றைக்கும் பைபோலார் உள்ளவர் லேபுக்குப் போய் ரத்தம் கொடுக்கிறார். முந்தின ராத்திரி மாத்திரை போட்டுச் சரியாகப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து, காலையில் அடுத்த மாத்திரை போடாமல் போக வேண்டும். ரிப்போர்ட்டில் 0.8 என்று வரும், டாக்டர் தலையாட்டுவார். அந்த எண் நோயின் அளவு இல்லை, லித்தியத்தின் அளவு. கேட்டின் முதல் நோயாளிக்குக் கிடைக்காத அளவுகோல் அது. கூடினால் சிறுநீரகம், தைராய்டு என்று கவலை, குறைந்தால் மறுபடி மொட்டை மாடி. நோயை அளக்கும் பத்தி அந்தத் தாளில் இன்னும் அச்சாகவில்லை.

எண் போன தடவையைவிடக் கொஞ்சம் ஏறியிருந்தால் டாக்டர் இரண்டொரு கேள்வி கேட்பார். உப்பைக் குறைத்தீர்களா? வயிற்றுப்போக்கு ஏதாவது? காபி எத்தனை டம்ளர், திடீரென்று நிறுத்திவிட்டீர்களா? காபி லித்தியத்தைச் சிறுநீரில் தள்ளிவிடும். நிறுத்தினால் ரத்தத்தில் தங்கிவிடும். ஆக, அறுபது வருஷம் கழித்தாவது காபியைப் பற்றி ஒருவர் கேட்கிறார்.